அப்பாவின் தலைமாட்டு வாழை

டோடோமா
14 மார்ச் 1993

அன்புள்ள அக்கா ஐகாண்டேக்கு, உன்கூடப் பிறந்தவர்களில் மிஞ்சியிருக்கும் ஒரே தம்பி அனாயெலி சொல்லி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடு கன்று போட்டதா? மலையில் மழை இறங்கிவிட்டதா?

எழுத்தறியாத எனக்காக இதை எழுதுகிறவன் பெயர் சிலொங்கானி. பக்கத்து வீட்டுக் காவல்காரன், இந்த வறண்ட சீமையிலேயே பிறந்தவன். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் கோழிக்கூண்டின் மேல் உட்கார்ந்து சொல்கிறேன். அவன் அந்தப் பக்கம் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, மதில்மேல் தாளை வைத்து எழுதுகிறான். நீ அவன் வேலை பார்க்கும் வீட்டு விலாசத்துக்கே பதில் போடு. இந்த வீட்டுக்கு வரும் கடிதங்களை மருமகள் கிளாட்னெஸ்தான் பிரிக்கிறாள். எனக்கு வந்தது என்று ஒன்றுகூட இதுவரை என் கைக்கு வரவில்லை.

கண் ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்தது கிறிஸ்துமஸுக்கு முன்பே. கேட்டில் துரு எங்கெங்கே ஏறியிருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லுவேன், பார்வை அவ்வளவு தெளிவு. ஆனாலும் மகன் காட்லிசன், "இன்னொரு தடவை டாக்டர்கிட்ட காட்டணும்ப்பா, அப்புறம் ஊருக்குப் போகலாம்" என்கிறான். என்றைக்கு என்று கேட்டால் லாரிக்கு டயர் வாங்கப் போய்விடுகிறான். புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பும்போது கேட்டைப் பூட்டி, சாவியை அவள் கைப்பையில் போட்டுக்கொள்கிறாள். ஒருநாள் நான் பஸ் நிலையம் வரை நடந்துவிட்டேன், அதிலிருந்துதான் இந்தப் பூட்டு. "உங்க நல்லதுக்குத்தான் மாமா. வழி தவறிட்டீங்கன்னா?" என்கிறாள். நான் வழி தவறவில்லை. மலைக்குப் போகும் பஸ் எது என்று சரியாகவே கேட்டு, அதன் வாசலில்தான் நின்றேன். சீட்டு வாங்கத்தான் வழியில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நம் வாழை பீர், ம்பெகே, இல்லை. கிளாட்னெஸ் சேர்ந்திருக்கும் சபையில் பீர் என்ற சொல்லே பாவம். அதனால் கோழிக்கூண்டுக்குப் பின்னால், காலி பெயின்ட் வாளியில் நானே ஆரம்பித்துவிட்டேன். வாழைக்கு எங்கே போவது? இந்த ஊரில் எல்லார் வீட்டுக் கொல்லையிலும் திராட்சைதான். அதைப் பிசைந்து, நம் வாழையைக் காய்ச்சுகிற மாதிரியே செம்பழுப்பாகும்வரை வேகவைத்து, மூடிவைத்துப் புளிக்கவிட்டு வடிகட்டினேன். கேழ்வரகு கிடைக்காததால் சிலொங்கானி கொடுத்த முளைச்சோள மாவில் கஞ்சி காய்ச்சிக் கலந்தேன். முதல் குவளையை அவனுக்குத்தான் கொடுத்தேன். அவன் காறித் துப்பாமல் விழுங்கியது என் வயதுக்குக் காட்டிய மரியாதை.

நம் கசப்புப் பட்டை கொஞ்சம் அனுப்பு. முடிந்தால் என் தோப்பிலிருந்து ஒரு குலை வாழை. மேல்வாய்க்கால் ஓரத்து வரிசையில் வெட்டு. அப்பாவின் கல்லறைப் பக்கம் களை எடுத்தார்களா என்றும் பார்.

இந்த மதிலுக்கு உள்ளேயிருந்து உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
தம்பி அனாயெலி

*

மராங்கு
11 ஏப்ரல் 1993

தம்பி அனாயெலிக்கு, அக்கா எழுதுவது. முழங்கால் இருந்த இடத்தில் இருக்கிறது, நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். மாடு கிடாரி போட்டது. மழை வந்துவிட்டது. நீ இருமாமல் இரு.

உன் திராட்சைப் பாகத்தைப் படித்து நானும் மெசாக்கி வீட்டு மருமகளும் சிரித்தோம். நீ ஆம்பிளை, காய்ச்சத் தெரியும் என்று பேர்தானே ஒழிய, உனக்கு எப்போதும் அவசரம். திராட்சையில் தண்ணீர் அதிகம். இரண்டு மூன்று நாள் வெயிலில் வாடவிட்டு, தோல் சுருங்கின பிறகு அடுப்பில் ஏற்று. கஞ்சி நன்றாக ஆறின பிறகு கலக்கு. பட்டையைத் தனியாகக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரை மட்டும் ஊற்று, பட்டையோடு போடாதே. ஒரு பொட்டலம் பட்டையும் கொஞ்சம் முளைக் கேழ்வரகு மாவும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன்.

போன வாரக் காற்றில் அப்பாவின் கல்லறைத் தலைமாட்டு வாழை சாய்ந்துவிட்டது. தார் போட்டிருந்தது, பிஞ்சோடு போனது. பக்கக்கன்று ஒன்றுதான் நிற்கிறது, முழங்கால் உயரம். வருத்தப்படாதே, வாழைக்கு அது சகஜம்.

மற்றபடி தோப்பு இருக்கிறது. குலை பிறகு அனுப்புகிறேன்.

அந்தக் காவல்காரத் தம்பிக்கு என் ஆசீர்வாதம். கையெழுத்து நன்றாக இருக்கிறது.

அக்கா ஐகாண்டே

*

டோடோமா
16 மே 1993

அக்காவுக்கு, நான் நலம். கிடாரிக்கு என்ன பெயர் வைத்தாய்?

பட்டை வந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் சிலொங்கானி, "என்ன பெரியவரே, செருப்புத் தோலா?" என்று கேட்டான். நான் முகர்ந்துகொண்டே இருந்தேன்.

நீ சொன்னபடி திராட்சையைக் கோழிக்கூண்டின் தகரத்தில் காயவைத்தேன். கிளாட்னெஸ் பார்த்து, "இது எதுக்கு மாமா?" என்றாள். "வயித்துக்கு நல்லது" என்றேன். பொய் இல்லை. அது இந்தத் தடவை பீர் மாதிரியே இருந்தது அக்கா. முன்வாயில் இனிப்பு, தொண்டையில் கசப்பு. ஆனால் நடுவில் ஒன்றும் இல்லை. நம் ம்பெகே வாயில் கனமாக உட்காருமே, அது இல்லை. அது வாழையில்தான் இருக்கிறது. குலை அனுப்பு என்று எழுதியிருந்தேன், நீ 'பிறகு' என்று எழுதியிருக்கிறாய். என் தோப்பு உன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பிறகு என்றால் என்ன?

ஊருக்கு எப்போது என்று காட்லிசனிடம் மறுபடி கேட்டேன். "இங்க என்னப்பா குறை உங்களுக்கு? கரண்டு இருக்கு, குழாய்ல தண்ணி வருது" என்றான். குழாயில் காற்று வருகிறது. தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள்.

அனாயெலி

*

மராங்கு
6 ஜூன் 1993

தம்பிக்கு, எல்லோரும் சுகம். கிடாரிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

கண்டக்டரிடம் ஒரு குலை கொடுத்தனுப்பியிருக்கிறேன். இரண்டு நாள் வைக்கோலில் மூடி வைத்தால் பழுத்துவிடும். குளிர் அதிகம், கை மரத்துப்போகிறது, அதனால் நீளமாக எழுதவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

ஐகாண்டே

*

டோடோமா
27 ஜூன் 1993

அக்காவுக்கு, நான் நலம்.

குலை வந்தது. பழுத்தது. காய்ச்சினேன். அக்கா, அது என் வாழை இல்லை.

முதலில் கட்டைப் பார்த்தேன். என் தோப்பில் காம்பைச் சுற்றிக் கட்டும் நார் வலப்பக்கம் முறுக்கியிருக்கும், அப்பா அப்படித்தான் முறுக்குவார், நானும் அப்படித்தான். இது இடப்பக்கம். சரி, வேறு யாராவது கட்டியிருப்பார்கள் என்று விட்டேன். ஆனால் வேகும்போது வாசனை வந்தது. உன் கீழ்ப்பாத்தியில் களிமண், அதில் விளைந்த வாழை வெந்தால் ஈரத்துணி வாசனை வரும். உன் கல்யாணத்துக்கு உன் மாமனார் வீட்டிலிருந்து வந்த பானையிலும் இதே வாசனைதான். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுச் சம்பந்தி முகத்தைப் பார்த்து, "ரொம்ப நல்லாருக்கு" என்று சொன்னதும், நீ முக்காட்டுக்குள் சிரித்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மேல்வாய்க்காலுக்கு என்ன ஆயிற்று? என் தோப்புக்குள் போக உனக்கு என்ன தடை? நேராக எழுது.

இங்கே கசப்புக்கு வேப்பம்பட்டை போட்டுப் பார்த்தேன், விரல்நுனி அளவு போதும், அதற்கு மேல் போனால் மருந்து. ஆனைப்புளிப் பழத்தையும் போட்டுப் பார்த்தேன், வெறும் காடி. திராட்சைதான் இந்த ஊருக்குச் சரி.

அனாயெலி

பெரியம்மாவுக்கு, இதை அவர் சொல்லவில்லை, நானாகச் சேர்க்கிறேன். 'நான் நலம்' என்று ஒவ்வொரு தடவையும் எழுதச் சொல்கிறார், எழுதுகிறேன். இந்த ஊர்ப் புழுதி அவருக்கு ஆகவில்லை. இருமல் மதிலுக்கு இந்தப் பக்கம் வரை கேட்கிறது. பாதித் தட்டுச் சோறு கோழிக்குத்தான் போகிறது. பணிவுடன், சிலொங்கானி.

*

டோடோமா
29 ஆகஸ்ட் 1993

அக்கா, இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உயிரோடு இருக்கிறாய் என்று கண்டக்டர் சொன்னான். அந்த மட்டில் நிம்மதி.

இங்கே ஓர் அதிசயம் நடந்தது. காட்லிசன் ஒருநாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான், நான் வாளியில் கையை விட்டுக்கொண்டிருந்தேன். கிளாட்னெஸுக்குத் தெரிந்தால் வாளியோடு என்னையும் வெளியே எறிவாள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் நல்லது, நடந்தே ஊருக்கு வந்திருப்பேன். அவன் குனிந்து, ஒரு குவளை மொண்டு குடித்தான்.

"நீங்களே காய்ச்சினதாப்பா?"

"வேற யாரு, உன் பெண்டாட்டியா?"

"நல்லாருக்குப்பா. நிஜமாவே நல்லாருக்கு. வாளியில எதுக்குக் கஷ்டப்படுறீங்க? நான் டிரம் வாங்கித் தரேன்."

வாங்கியும் தந்தான். புது நீல டிரம். இரண்டு பெட்டி திராட்சை, ஒரு மூட்டை விறகு, பெரிய செம்புப் பாத்திரம். கிளாட்னெஸ் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டாள், ஆனால் தடுக்கவில்லை. தன்கூட வேலை செய்பவர்களுக்கு விருந்து என்றான். ஐகாண்டே, நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் எனக்கு ஒரு வேலை இருந்தது. திராட்சையை வாடவிட்டு, மூன்று மடங்கு நேரம் வேகவிட்டேன். அப்போதுதான் அந்தக் கனம் வந்தது, வாழை இல்லாமலே. நீ அனுப்பிய கேழ்வரகில் மிச்சமிருந்தது அத்தனையும் போட்டேன். சிலொங்கானி குடித்துவிட்டு மதில்மேல் தலையை வைத்துக்கொண்டான். "பெரியவரே, இதுக்குன்னே நான் இந்த வேலையில இருக்கேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை டிரம்மை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். போகும்போது என் தோளைத் தொட்டான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான்.

இந்தத் தடவையாவது பதில் எழுது.

அனாயெலி

*

மராங்கு
12 செப்டம்பர் 1993

தம்பி, உட்கார்ந்துகொண்டு கேள். சிலொங்கானி, நீ நிறுத்தி நிதானமாக வாசி.

நான் எழுதாதது சோம்பலால் இல்லை. எழுதினால் நீ கேட்டை உடைப்பாய், அல்லது உன் நெஞ்சு உடையும். இரண்டுமே வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இனி முடியாது.

உன் மகன் ஏப்ரல் பிறந்ததுமே, அந்தக் காற்றுக்கு முன்னால், இங்கே வந்தான். மலை ஏற வருகிற வெள்ளைக்காரர்களுக்கு ஹோட்டல் கட்டும் ஒருவரைக் கூட்டி வந்தான். இரண்டு பேரும் உன் தோப்பை அளந்தார்கள். நான் போய்க் கேட்டதற்கு, "அப்பாவுக்கு எல்லாம் தெரியும் அத்தை" என்றான். மறுவாரம் சுற்றிலும் முள்கம்பி. அதனால்தான் உனக்கு என் கீழ்ப்பாத்திக் குலை. உன் மூக்கை நான் மறந்துவிட்டேன்.

நம் குலத்து வழக்கம் உனக்குத் தெரியும். நிலம் வெளியாளுக்குப் போகவேண்டுமானால் நிலத்துக்காரன் தன் கையால் காய்ச்ச வேண்டும், பெரியவர்கள் ஒரே குடுவையில் குடிக்க வேண்டும். குடித்த பிறகு யாரும் வாய் திறக்க முடியாது. உன் நீல டிரம் விருந்துக்குப் போகவில்லை. மெசாக்கி முற்றத்துக்கு வந்தது.

"அப்பாவுக்கு உடம்பு முடியல. ஆனா சம்மதம்னு சொல்லி, தன் கையாலயே காய்ச்சிக் குடுத்துவிட்டாரு" என்றான் உன் மகன். நல்ல சட்டை, நல்ல குரல். ஹோட்டல்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மெசாக்கி குலத்துக்கே மூத்தவன் என்பதால் முதல் வாய் அவனுக்கு. குடித்தான். மறுபடி குடித்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது என்னடா? பாதிரியார் ஞாயித்துக்கிழமை நாக்கு நனைக்கக் குடுப்பாரே, அதை டிரம்ல பிடிச்சுட்டு வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். உன் மகன் சிரிக்கவில்லை. "கை அப்பாவோடதுதான் பெரியப்பா."

பெண்கள் பேசுகிற இடமில்லை அது. ஆனாலும் நான் எழுந்து குடுவையை வாங்கிக் குடித்தேன். "கை என் தம்பியோடதுதான். கஞ்சி இவ்வளவு பதமா வேற யாருக்கும் வராது. ஆனா இதுல அந்தத் தோப்பு மண்ணு ஒரு சொட்டு இல்ல. டோடோமா திராட்சையை எழுதிக் குடுக்கிறதுன்னா இதைக் குடிச்சு எழுதிக் குடுங்க" என்றேன்.

மெசாக்கி குடுவையைக் கவிழ்த்து வைத்தான். அந்த நிலத்து வாழையில் காய்ச்சிக் கொண்டு வா, அப்போது பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டான். நான் நின்றுகொண்டிருக்கும்போதே உன் மகன் கம்பியைப் பிரித்து உள்ளே போய், எட்டுக் குலை வெட்டி லாரியில் ஏற்றினான். இதைச் சிலொங்கானி வாசிக்கும்போது அவை உன் வாசலில் இருக்கும்.

இன்னும் ஒன்று. மெசாக்கி தனியாகச் சொன்னது: "அனாயெலி இங்க வந்து செத்துப் புதைச்சுட்டா, புதுமண்ணு போட்ட நிலத்தை ஒரு தலைமுறைக்கு யாரும் கைமாத்த முடியாது. அது பையனுக்கும் தெரியும். அதான் அவனைக் கீழேயே வச்சிருக்கான்."

இதை உன்னிடம் சொல்லாமல் ஐந்து மாதம் இருந்தேன். என்மேல் கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டு.

அக்கா

*

டோடோமா
26 செப்டம்பர் 1993

அக்காவுக்கு, கோபம் இல்லை. நீ சொல்லியிருந்தாலும் நான் இந்த மதிலுக்குள்தான் உட்கார்ந்திருப்பேன். என் கையால் நானே காய்ச்சிக் கொடுத்தேன், ருசி வரவேண்டும் என்று ராவெல்லாம் யோசித்துக் காய்ச்சினேன். அதைத்தான் விழுங்க முடியவில்லை.

குலைகள் உன் கடிதத்துக்கு முன்பே வந்துவிட்டன. காட்லிசன் கோழிக்கூண்டு ஓரம் அடுக்கினான். என் மேல்வாய்க்கால் வாழை. மறைத்து என்ன, நான் ஒரு குலையின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு அவற்றின் பக்கமே போகவில்லை. எட்டும் அங்கேயே பழுத்தன. வீடு முழுவதும் நம் ஊர் வாசனை. ஜன்னலைச் சாத்தினாலும் வந்தது.

முடியாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கேட் பூட்டியே இருக்கும். ஒருநாள் இந்தச் செம்மண்ணில் புதைத்துவிட்டு, சாகிறவரை நன்றாகப் பார்த்துக்கொண்டோம் என்பார்கள். பிறகு நிலம் அவனுடையது, அவன் கையாலேயே காய்ச்சிக் கொடுத்துவிடுவான்.

அதனால் நேற்று அவனே வந்து கேட்டபோது முடியாது என்று சொல்லவில்லை.

"எப்பப்பா காய்ச்சப் போறீங்க? பழம் கனிஞ்சு போச்சே."

"காய்ச்சுறேன். ஆனா இங்க காய்ச்சினா பிரயோஜனமில்ல. திராட்சை தாங்குச்சு, வாழை தாங்காது. ம்பெகே மறுநாளே குடிக்கணும். உன் லாரி ஒன்றரை நாள் குலுங்கிப் போய்ச் சேரும்போது காடி ஆயிருக்கும். மெசாக்கி உன் சட்டையிலேயே துப்புவான்."

யோசித்தான். அதுவும் அவனுக்குத் தெரியும், அந்த வீட்டில் வளர்ந்தவன்தானே.

"அப்ப ஊர்லயே வந்து காய்ச்சுறீங்களா?"

"காய்ச்சுறேன். ஆனா இந்தக் குலை ஆகாது. கல்லறை இருக்கிற நிலம்னா தலைமாட்டு வாழையிலதான் காய்ச்சணும். உங்க பெரிய தாத்தா நிலம் கைமாறினப்ப அப்படித்தான் செஞ்சாங்க. பானையை நான்தான் சுமந்தேன். மெசாக்கியைக் கேளு. குடிச்சு முடிச்சுக் குடுவையைக் கீழ போட்டு ஒடச்சவனே அவன்தான்."

"தலைமாட்டு வாழைன்னா, தாத்தா கல்லறைக்கிட்ட இருக்கே, அதுதானே? அதுல தார் இருந்துச்சே, நான் பார்த்தேன்."

அவன் பார்த்தது காற்றுக்கு முன். நான், "ஆமா, அதேதான்" என்றேன்.

வருகிற சனிக்கிழமை கிளம்புகிறோம். மெசாக்கியைப் பார்த்து, உடைந்த குடுவையை ஞாபகப்படுத்து. அந்தப் பக்கக்கன்று இப்போது எவ்வளவு உயரம் என்று யாரிடமும் சொல்லாதே.

அனாயெலி

*

மராங்கு
1 அக்டோபர் 1993

தம்பிக்கு, இதைக் கண்டக்டர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், நீ கிளம்புவதற்குள் வந்தால் சரி.

மெசாக்கிக்கு ஞாபகம் இருக்கிறது. குடுவை தன் கையிலிருந்து தானாக வழுக்கியது என்று இப்போதும் சொல்கிறான். தலைமாட்டு வாழைதான், அதில் மாற்றம் இல்லை என்றும் சொன்னான். கன்று இடுப்பு உயரம்.

ஆனால் ஒன்று யோசித்தாயா? வாழை வளரும். என்றைக்காவது தார் போடும். அன்றைக்கு என்ன செய்வாய்?

அடுப்பில் உனக்கு வெந்நீர் போட்டு வைக்கிறேன். ஸ்வெட்டர் எடுத்துவா.

அக்கா

*

மராங்கு
21 ஆகஸ்ட் 1994

மதிலுக்கு அந்தப் பக்கத்து நண்பன் சிலொங்கானிக்கு, அனாயெலி சொல்லி, அக்கா ஐகாண்டே எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் சுகமா? உங்கள் பக்கம் மழை பெய்ததா, இல்லை வழக்கம்போல மேகம் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனதா?

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். இங்கே வந்த அன்றைக்கே சொல்லவேண்டியது. காட்லிசன் லாரியை நிறுத்திவிட்டுக் கல்லறைப் பக்கம் ஓடினான். இடுப்பு உயரக் கன்றைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இதா?" என்றான். மெசாக்கி கைத்தடியை ஊன்றிக்கொண்டு, "அதேதான்" என்றான். "வேற வாழை ஆகாதா பெரியப்பா?" "ஆகாது." "அதுவரைக்கும் அப்பாவை டோடோமாவுக்கே கூட்டிட்டுப் போறேன்." "தலைமாட்டு வாழைக்கு நிலத்துக்காரன்தான் காவல் இருக்கணும். அவன் எங்கயும் போகக்கூடாது. நீ வேணா போ." முற்றத்தில் இத்தனை பேர் நிற்கும்போது பிள்ளையால் என்ன செய்ய முடியும்? லாரி காலியாகத் திரும்பியது.

இதெல்லாம் கேட்டு நீ சிரிப்பாய். நானும் சிரித்தேன், ஒரு வாரம்.

அதற்குப் பிறகுதான் புரிந்தது. உங்கள் ஊரில் கேட்டுக்குப் பூட்டு இருந்தது. இங்கே ஒரு வாழை இருக்கிறது. காலையில் எழுந்து அதைத்தான் முதலில் பார்க்கிறேன். அதற்கு நான் ஒரு கூடை சாணிகூடப் போட்டதில்லை. ஆனாலும் வளர்கிறது. மழை பெய்கிறது, மண் நல்ல மண், என் அப்பா வேறு அடியில் இருக்கிறார். வெட்டிப்போட முடியாது, கல்லறைத் தலைமாடு. ஐகாண்டே, "நான் வேணா ஆட்டை அவுத்து விடட்டுமா, யாருக்கும் தெரியாது" என்றாள். அப்பாவுக்குத் தெரியுமே என்றேன். இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுது என்கிறேன்.

மாதம் தவறாமல் காட்லிசன் வருகிறான். சின்ன வயதில் இந்தத் தோப்பில் களை பிடுங்கச் சொன்னால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வான். இப்போது மண்டிபோட்டு உட்கார்ந்து அந்த ஒரு வாழைக்கு உரம் போடுகிறான், மண் அணைக்கிறான், காய்ந்த சருகை உரிக்கிறான். அடிமரத்தைத் தட்டிப் பார்க்கிறான். அவ்வளவு பாசமாக அவன் எதையும் தொட்டு நான் பார்த்ததில்லை, டிரம் கொண்டுபோன அன்றைக்கு என் தோளைத் தவிர.

போன வாரம் நடுக்குருத்திலிருந்து சின்ன இலை ஒன்று வந்திருக்கிறது. பூவுக்கு முன்னால் வருகிற இலை. இனி தார் தள்ளும், மலைக்குளிரில் முற்ற நான்கைந்து மாதம்.

நான் இங்கே காய்ச்சுவதே இல்லை, சிலொங்கானி. சுற்றிலும் என் வாழை பழுத்து விழுகிறது, பறவை தின்கிறது. என் அடுப்பில் பானை ஏறியது என்று தெரிந்தால், எந்தக் குலை, எதற்காக என்று ஊரே கேட்கும், அவன் லாரியில் வந்து நிற்பான். அதனால் அக்கா வீட்டில்தான் குடிக்கிறேன். அவளுடையது எப்போதும் கொஞ்சம் நீர்த்திருக்கும். களிமண் வேறு. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், சமாதானப்படுத்தி எடுக்கவைத்திருக்கிறேன். சில நாள் மத்தியானத்தில் உன் ஊர்த் திராட்சை பீர் நாக்கில் வருகிறது. பெயின்ட் வாளி இன்னும் கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடந்தால் நீ எடுத்துக்கொள். வெயிலில் மூன்று நாள் வாடவிடு. வேப்பம்பட்டையைக் குறைத்துப் போடு.

காட்லிசன் வரும்போது இரண்டு பை கொண்டுவருகிறான். ஒன்றில் வாழைக்கு உரம். இன்னொன்றில் எனக்கு இருமல் மருந்து, விலை அதிகமான சிவப்பு மருந்து. "வேளாவேளைக்குக் குடிங்கப்பா, உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது" என்கிறான். மனசாரத்தான் சொல்கிறான். காய்ச்ச என் கை வேண்டுமே. அவன் லாரி வளைவில் மறைந்ததும் மருந்தை மேல்வாய்க்காலில் ஊற்றிவிடுகிறேன். கொஞ்ச தூரம் தண்ணீர் சிவப்பாக ஓடுகிறது. மெசாக்கி வரப்பில் உட்கார்ந்து அதைப் பார்ப்பான். அப்பாவுக்குப் பக்கத்தில், தெற்கு ஓரத்தில் புதுமண்ணுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம், அதையும் பார்த்துவிட்டுப் போவான்.

நீ என் உடம்பைப் பற்றி நிச்சயம் கேட்பாய். நீ மதிலில் எழுதிய கடிதங்களில் எல்லாம் 'நான் நலம்' என்று எழுதவைத்தேன். இந்தத் தடவை உள்ளதைச் சொல்கிறேன். வாழை நல்ல செழிப்பு. என் இருமலும் அப்படியே.

அன்புடன் உன் பெரியவர்
அனாயெலி